எழுந்து நின்ற குரோம்பேட்டை

"வணக்கம், மாணவர்களே" என்று ஹெட்போனுக்குள் ஒரு குரல் கேட்டது. நாங்கள் எட்டுப் பேரும் எழுந்து நின்றோம்.

எங்கள் பக்கத்திலிருந்து நடந்தது அவ்வளவுதான். மிச்சத்தை வயர்கள் பார்த்துக்கொண்டன.

குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது முரளி அண்ணாவின் பிரவுசிங் சென்டர். ஆறு கேபின். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, ஒன்றிரண்டு ஹெட்போன். அந்த வயர்களின் நீளம் உட்கார்ந்திருக்கும் மனிதர்களை மட்டுமே மனதில் வைத்து முடிவு செய்யப்பட்டிருந்தது. நாங்கள் எழுந்த வேகத்தில் மூன்று ஹெட்போன்கள் பிடுங்கிக்கொண்டு காதில் தொங்கின. ஒரு கீபோர்டு மடியிலிருந்து தரைக்குப் போனது. நான்காம் கேபினில் இருந்தவளின் கால், கீழே இருந்த ஜங்ஷன் பாக்ஸை உதைத்ததில் ஆறு திரைகளும் ஒன்றாக அணைந்தன. ஏசி மட்டும் எதுவும் நடக்காததுபோல ஈரத்துணி வாசனையோடு ஓடிக்கொண்டிருந்தது.

அணைந்த திரைகளைப் பார்த்து நாங்கள் எட்டுப் பேரும் ஒரே குரலில் "வணக்கம் ஐயா" என்று முடித்தோம். தொடங்கியதைப் பாதியில் விடக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள்.

முரளி அண்ணா கல்லாவிலிருந்து ஓடி வந்தார்.

"இன்னாம்மா, ஸ்கூல்ல மாதிரி தேசிய கீதமா போட்டான் அதுல? எதுக்கு அல்லாரும் எந்திரிச்சீங்கோ?"

"சார் வந்தாரு அண்ணா."

"எங்க வந்தாரு? அவரு எங்கியோ கீறாரு. நீ இங்க கீற. எந்திரிச்சது அவருக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நான் பத்திரிகையில் இந்தத் தொடரை எழுத ஆரம்பித்தபோது என் மாமா கேட்ட கேள்விக்கும் அப்படித்தான் பதில் இல்லை. "இருபத்திரெண்டு வயசுல என்னடி நினைவுக் குறிப்பு? முதல்ல நினைவு சேரட்டும்" என்றார். மாமா, உங்களுக்கு இந்த வாரமும் பதில் கிடையாது. ஆனால் முரளி அண்ணாவுக்கு உண்டு. அதற்குத்தான் இந்த அத்தியாயம்.

தபால்தலை அளவு சார்

பிளஸ் டூ படிக்கும்போது தமிழ் மிஸ் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். பழைய நாடகங்களைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து இணையத்தில் படிக்கப்போகிறார்களாம். சனிக்கிழமை மாலை நான்கு மணி. எட்டு வாரம், ஒரே நாடகம். நடத்துபவர் ஞானசேகரன் என்று ஒரு நாடகப் பேராசிரியர். எந்த ஊரில் இருந்தார் என்று கடைசி வரை எங்களுக்குச் சரியாகத் தெரியாது. திரையின் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு சாம்பல் கட்டம் தெரியும். அது நகர்ந்தால் சார் தலையாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

எங்களைப்போல இன்னும் மூன்று ஊர்க்காரர்கள் இருந்தார்கள். தாம்பரம், படப்பை, கேளம்பாக்கம். சாட் அறையில் எங்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். ஒவ்வொரு ஊருக்கும் பின்னால் ஒரு சத்தம் உண்டு. படப்பை பேச வாயைத் திறந்தால் முதலில் மாவு மில் பேசும். கேளம்பாக்கம் பேசினால் பஸ் ஹாரன். நாங்கள் பேசும்போது மின்சார ரயில் போகுமாம், படப்பைக்காரர்கள் சொன்னார்கள். எங்களுக்கு அது கேட்கவே கேட்காது. பிறந்ததிலிருந்து கேட்பதை யார் கேட்கிறார்கள்?

பேச வேண்டுமானால் கண்ட்ரோல் கீயை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் நம் குரல் போகாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் திரைகள் அணைந்த பிறகு நாங்கள் திரும்ப உள்ளே நுழைய இருபது நிமிடம் ஆனது. அதற்குள் மற்ற ஊர்களுக்கு 'குரோம்பேட்டை வெளியேறியது' என்று ஆறு முறை செய்தி போயிருந்தது. காரணம் கேட்டார் சார். உண்மையைத் தட்டச்சு செய்தேன். சாம்பல் கட்டம் கொஞ்ச நேரம் குலுங்கியது.

"எழுந்து நின்ற குரோம்பேட்டைக்கு என் வணக்கம். இனிமேல் உட்கார்ந்தே மரியாதை கொடுங்கள்" என்றார்.

எட்டு வாரமும் எங்களுக்கு அதுதான் பெயர்.

பல்லக்கின் இடது பின்பக்கம்

அந்த நாடகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் 'அதில் அப்படி வராதே' என்று நான்கு கடிதம் வரும். கதை மட்டும் சொல்கிறேன். கோட்டையைச் சுற்றிப் பகைவர் படை. அரசியின் தம்பி எதிரியோடு போய்ச் சேர்ந்தவன். இப்போது காயத்தோடு திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். கதவைத் திறக்காதே என்று உத்தரவு போட்டதே அரசிதான். ஐந்தாம் அங்கத்தில் அவள் தன் உத்தரவைத் தானே மாற்றுகிறாள். அங்கே அவளுக்கு ஆறு பக்க வசனம்.

அந்த ஆறு பக்கமும் எனக்கு வேண்டும் என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டேன்.

நியாயம் இருந்தது. ஆறாம் வகுப்பு ஆண்டு விழாவில் நான் பல்லக்குத் தூக்கி. அதிலும் இடது பின்பக்கம். என் அம்மா எடுத்த போட்டோவில் என் முழங்கை மட்டும் இருக்கிறது. பல்லக்கில் உட்கார்ந்திருந்த இளவரசி வழியெல்லாம் கடலை மிட்டாய் தின்றுகொண்டு வந்தாள். அன்று தொடங்கிய கணக்கு இது.

கடைசி வாரம் அரசியின் வசனத்தை யார் வாசிப்பது என்பதைக் கேள்விகளை வைத்து முடிவு செய்வதாக சார் சொன்னார். நாடகத்தைப் பற்றி யார் நல்ல கேள்வி கேட்கிறார்களோ அவர்களுக்கு அரசி. கடைசி வாரத்தை ஒலிப்பதிவு செய்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டப் போகிறார்களாம்.

நான் பதினேழு கேள்வி கேட்டேன். கோட்டையின் உயரம் என்ன, தம்பிக்குக் காயம் எந்தக் கையில், அரசி ஏன் மந்திரியைக் கேட்கவில்லை. எண் போட்டுத் தட்டச்சு செய்தேன்.

ஷாஹிதா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

கதவுக்கடைக்காரர்

ஷாஹிதா என் பெஞ்சுக்காரி. அவள் அத்தா ரஹீம் பாய் ஜி.எஸ்.டி. ரோட்டில் கதவுக்கடை வைத்திருந்தார். மரக்கதவு, பிளைவுட் கதவு, பாத்ரூம் கதவு எல்லாம். பிரவுசிங் சென்டருக்குப் போவதை அவள் வீட்டில் மறைக்கவில்லை. முதல் வாரம் முடிந்ததுமே போய்ச் சொல்லிவிட்டாள். அவளிடம் எனக்குப் பிடிக்காத குணங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாம் சனிக்கிழமை ரஹீம் பாய் மாடியேறி வந்தார். ஒன்றாம் நம்பர் கேபினின் கதவைத் திறந்தார், மூடினார், உள்தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல.

"படிக்கிற இடத்துக்குத் தாழ்ப்பாள் எதுக்குத் தம்பி?"

முரளி அண்ணா தலையைச் சொறிந்தார். "கஸ்டமருங்கோ கேக்கறாங்கோ பாய்."

ரஹீம் பாய் சட்டைப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். பேனாவை எடுப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக எடுத்தார். நான்கு நிமிடத்தில் கதவு சுவரில் சாய்ந்திருந்தது. கதவு இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அவரே உட்கார்ந்துகொண்டார். இந்த நாடகம் முடிகிற வரைக்கும்தான், அதற்கப்புறம் இந்தப் படிக்கட்டு ஏறக்கூடாது என்று மகளிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

உண்மையில் எங்களுக்கு அதனால் லாபம்தான். ஆறு கணினியில் ஆறு பேர் நுழைந்தால் இணைப்பு மூச்சுத் திணறியது. கதவு போனதும் எட்டுப் பேரும் ஒன்றாம் கேபினைச் சுற்றி உட்கார முடிந்தது. ஒரே கணினி, ஒரு ஸ்பீக்கர், ஒரே ஒரு ஹெட்செட் மைக். அந்த மைக்குக்கு முரளி அண்ணா நீளமான வயர் ஒன்றை ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். "இப்ப எந்திரி. மொட்டை மாடி வரைக்கும் போய்க்கினு வந்தாலும் கயலாது" என்றார். மற்ற நாட்களில் வந்த கல்லூரி அண்ணாக்கள்தான் பாவம். ஒன்றாம் நம்பர் கதவு எங்கே என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள்.

ரஹீம் பாய் வாராவாரம் கைப்பிடி மாடல்கள் அச்சடித்த ஒரு புத்தகத்தோடு வருவார். அதைத்தான் பார்ப்பார். ஐந்தாம் வாரம் பார்த்தபோது நாற்பது நிமிடமாக ஒரே பக்கத்தில் இருந்தார்.

அந்த வாரம்தான் ஷாஹிதா தன் கேள்வியைக் கேட்டாள். நான்தான் கீயை அமுக்கினேன்.

"கதவை மூடச் சொல்லிட்டு அரசி எங்க போய் உக்காந்தாங்க சார்? தம்பி தட்டுற சத்தம் கேக்குற இடத்துலயா, கேக்காத இடத்துலயா?"

ஸ்பீக்கரில் மாவு மில் மட்டும் ஓடியது. பிறகு சார், "எனக்குத் தெரியவில்லையம்மா" என்றார். "நீயே கடைசி வாரம் வாசித்துச் சொல்."

என் பதினேழு கேள்விக்கு வாயில்காப்போன் வேடம் கிடைத்தது. ஒரே வரி. அரசியின் கடைசி வசனத்துக்குப் பிறகு, "திறந்துவிட்டேன், அரசியே." நாடகமே அதோடு முடிகிறது.

இரண்டு நாள் கோபம்

திங்களும் செவ்வாயும் நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. புதன்கிழமை பஸ் ஸ்டாப்பில் எனக்கு நேராக வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "வாயில்காப்போரே, வழி விடும்" என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கோபத்தை எங்கே விட்டேன் என்று தேடிப் பார்த்தேன், முழுதாகக் கிடைக்கவில்லை. கொஞ்சம் இருந்தது. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

என் ஒரு வரியை ஒன்பது விதமாகப் பயிற்சி செய்தேன். பயந்து, பெருமையாக, அழுதுகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. ஆறாம் வாரம் ரஹீம் பாய் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னிடம் முதல்முறையாகப் பேசினார்.

"அவ்ளோ பெரிய கோட்டைக் கதவை ஒரு ஆள் தொறக்க முடியாதும்மா. கீல் எத்தனைன்னு எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. அது என் வேடத்துக்கே அவமானம் என்று எனக்குத் தோன்றியது. பதினெட்டாவது கேள்வியாக சாரிடம் கேட்டேன். சாம்பல் கட்டம் மறுபடி குலுங்கியது.

இன்னொரு சிக்கல் இருந்தது. ஷாஹிதாவின் ஆறு பக்கம் ஆறு தனித்தனி ஜெராக்ஸ் தாள். மேலே ஃபேன். இரண்டு கையாலும் பிடித்தால்தான் வாசிக்க முடியும். அப்படியானால் கீயை யார் அமுக்குவது?

"நீ அமுக்கு. விரல் உன்னுது, குரல் என்னுது" என்றாள்.

நான் அவளுடைய அரசியைப் பார்த்து எரிந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கீயை என்னிடம் கொடுத்தாள். கோட்டைச் சாவி மாதிரி.

கடைசி சனிக்கிழமை

மழைக்காலம் முடிந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு சாயங்காலம். மாடிப்படி முழுக்கச் செருப்பு. கேளம்பாக்கத்துப் பையன் தம்பி வேடத்தில் கெஞ்சி முடித்தான். ஹாரன் சத்தம் எதிரிப் படைபோலவே ஒலித்தது. ஷாஹிதா ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டாள். நான் கண்ட்ரோல் கீயில் ஆள்காட்டி விரலை வைத்தேன்.

அவள் அரசி மாதிரி வாசிக்கவில்லை. வீட்டில் ஒருவரிடம் எதையோ ஒப்புக்கொள்வதுபோல மெதுவாக வாசித்தாள். சத்தம் கேட்கிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது இரண்டாம் பக்கத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ரஹீம் பாயின் புத்தகம் மூடியிருந்தது. என்னிடம் மிச்சம் வைத்திருந்த கோபம் நான்காம் பக்கத்தில் எங்கோ போனது. விரல் வலித்தது. எடுக்கவில்லை.

ஆறாம் தாளின் கடைசியில், 'அரசி எழுந்து நிற்கிறாள்' என்று ஒரு குறிப்பு. அதன்கீழே கடைசி வரி.

ஷாஹிதா எழுந்து நின்றாள். சார் போட்ட விதியெல்லாம் மறந்துபோய், நிஜமாகவே நின்றாள். முரளி அண்ணாவின் நீள வயர் ஆடியது, கழலவில்லை.

"மூடச் சொன்னபோது ஊரே கேட்டது. திறக்கச் சொல்கிறேன். யாராவது கேட்கிறீர்களா?"

ஒன்பது விதத்தில் எதிலும் சேராத ஒரு குரலில், "திறந்துவிட்டேன், அரசியே" என்றேன்.

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. படப்பையின் மில்கூட நின்றிருந்தது. வெகு நேரம் கழித்து சாரின் குரல் வந்தது, கொஞ்சம் உடைந்து.

"கடைசி வரியைச் சொல்லாமல் விட்டாயே அம்மா. இத்தனை வருஷமாக இதைப் படிக்கிறேன், அந்த இடத்தில் அரசி பேசாமல் நிற்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதவு திறந்ததா என்றுகூட நமக்குத் தெரியாது. அற்புதம்."

தாம்பரமும் படப்பையும் கைதட்டல் என்று தட்டச்சு செய்தன.

ஷாஹிதா என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். கண்ட்ரோல் கீயின் மேல் விரல் இல்லை. என் வலது கை, காலை அசெம்பிளியில் நிற்பதுபோலத் தொடையோடு ஒட்டி விறைப்பாக இருந்தது. அவள் எழுந்ததும் நானும் எழுந்திருக்கிறேன்.

"வயர் ஒட்டு லூஸாயிருக்கும்" என்றாள் ஷாஹிதா.

முரளி அண்ணா ஒட்டைத் திருகிப் பார்த்தார். "லூஸாதான் கீது. என் தப்பும்மா. மாத்தியிருக்கணும்."

நான் வாயைத் திறக்கவில்லை.

ரஹீம் பாய்க்குத்தான் பொறுக்கவில்லை. "சொன்னாளே! நாம அத்தனை பேரும் கேட்டோமே. அவருக்கு எழுதும்மா, எம்பொண்ணு சொன்னான்னு எழுது" என்றார் என்னிடம். மகள் இந்தப் படிக்கட்டு ஏறக்கூடாது என்று சொன்ன அதே மனிதர்.

எழுத ஆரம்பித்தேன். ஷாஹிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். அவர் சொல்றதும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆனால் தாள்களை அடுக்கும்போது ஆறாம் தாளை மட்டும் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

நான்கு ஸ்குரூ

அடுத்த வாரம் ரஹீம் பாய் கதவைத் திரும்ப மாட்ட வந்தார். தாழ்ப்பாள் இல்லாமல். நான் ஸ்குரூக்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உதவி செய்ய வந்ததாகச் சொல்லியிருந்தேன். எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது.

மூன்றாவது ஸ்குரூவை முடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"வயர் நல்லாத்தான் இருந்துச்சு. நீ எழுந்து நின்னதைப் பாத்தேன்."

கையில் இருந்த ஒரு ஸ்குரூவும் வியர்த்துவிட்டது.

"நான் சொல்ல மாட்டேன் பாப்பா. அது உன் வேலை."

அந்த ஸ்குரூவை வாங்கி மாட்டினார். கதவை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஜூனில் ஷாஹிதாவைத் தாம்பரத்தில் கல்லூரியில் சேர்த்தார், அவள் கேட்ட இலக்கியப் பாடத்திலேயே. நான் என் வேலையை நான்கு வருடம் செய்யவில்லை. பொறாமையில் விரலை எடுத்தேன் என்று அவள் நினைத்துவிட்டால்? பொறாமை இருந்தது என்பதுதான் இருவருக்கும் தெரியுமே.

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் பயம் வந்தது. கதவுக்கடையில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். அச்சில் பார்ப்பதற்குமுன் என் வாயால் சொல்லிவிடலாம் என்று போன வாரம் போன் செய்தேன்.

"ஷாஹி, அன்னிக்கு வயர் லூஸ் இல்லடி. நான்தான் விரலை எடுத்துட்டேன். எழுந்து நின்னேன், தானா வந்துடுச்சு. வேணும்னு எடுக்கல. பொறாமையிலன்னு நினைச்சுடாதே."

ஷாஹிதா சிரித்தாள்.

"லூசு. பொறாமையில எடுத்திருந்தா உன் வரி வந்தப்ப திரும்ப அமுக்கியிருப்பே. அந்த ஒரு வரிக்காக மூணு வாரம் என் உசுரை வாங்கினவதானே நீ?"

நான்கு வருடமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. என் வரியும்தான் யாருக்கும் கேட்கவில்லை.

"அத்தா அன்னிக்கே சொன்னாரு" என்றாள். "உன் சினேகிதி நல்ல பொண்ணு, ஆனா ஒரு இடத்துல உக்கார மாட்டான்னு. எனக்கு இப்பதான் அர்த்தமாவுது."

அப்புறம், கேட்காமலே, அந்தக் கடைசி வரியைச் சொன்னாள். அன்றைக்குப் போலவே மெதுவாக. "திறக்கச் சொல்கிறேன். யாராவது கேட்கிறீர்களா?"

"திறந்துவிட்டேன், அரசியே" என்றேன்.

"ஏய், இப்ப எழுந்து நிக்கிறியா?"

"சேச்சே, உக்காந்துதான் இருக்கேன்" என்றேன். சார்ஜர் வயர் பிடுங்கிக்கொண்டு என் காலடியில் கிடந்தது.